எழுவாய் மறைந்த செய்தி

காலைக் காப்பியும் நாளிதழும் நம் இல்லங்களுக்குச் சேர்ந்தே வருபவை. இதழில் உள்ளது பொய்யோ என்று நாம் பெரும்பாலும் ஐயுறுவதில்லை. பொய் எழுதும் இதழ் என்றேனும் அகப்பட்டுக்கொள்ளும். நம்மைக் கவலைக்குள்ளாக்குவது வேறொன்று. உண்மையை மட்டுமே எழுதியும் மக்கள் மனத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட முடியும் என்பதே அது.

பம்பாய்த் தமிழர் இதனைப் பட்டறிந்தவர். 1960இல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், அந்நகரில் பதவிகளில் இருந்த வெளி மாநிலத்தாரின் பெயர்களைத் தொலைபேசி டைரக்டரியிலிருந்து எடுத்துப் பட்டியலாக அச்சிட்டு வந்தது. பெயர்கள் பொய்யல்ல, பதவிகளும் பொய்யல்ல. அவ்வேலைக்கு ஒருவர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பது மட்டும் அங்கு இல்லை. அந்தப் பட்டியல்கள் மூட்டிய சினத்தின் நடுவேதான் 1966இல் சிவசேனை பிறந்தது.

அன்று பட்டியலுக்குள் இருந்து வருந்திய நாம், 1981இல் வெளியே நின்று படித்தோம். அவ்வாண்டு சூலை 13ஆம் நாள், நடைபாதைவாசிகள் அப்புறப்படுத்தப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என்று முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். கொட்டும் மழைக்காலம் அது.

இத்தகைய நிகழ்ச்சியை இதழ்கள் எழுதும் வாக்கியம் நமக்குப் பழக்கமானது: 'நடைபாதை ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன.' செயப்பாட்டு வினை. அகற்றியவர் யார்? சொல்லப்படவில்லை. அகற்றப்பட்டவர் யார்? அவரும் இல்லை. 'ஆக்கிரமிப்பு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தாயும் பிள்ளையும் சட்டியும் பானையும் மறைந்துவிடுகின்றன. இலக்கண வழு ஏதும் இதில் இல்லை என்பதுதான் வேதனை.

இதழுக்கு நாம் கொடுக்கும் காசு அதன் அச்சுச் செலவுக்கே போதாது; குறையை நிரப்புவது விளம்பரம். அடுக்குமாடி கட்டுவோர் விளம்பரம் தருவர். அதன் நிழலில் படுத்திருப்பவர் தருவாரா? இதற்காக எந்த முதலாளியும் ஆசிரியரை அழைத்து ஆணையிட வேண்டியதில்லை. (சில வேளை இடுவதும் உண்டு.) செய்தி எழுதுபவரும் அந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு ஏங்குபவராயின், அச்சொல் அவர் பேனாவில் தானே வந்து அமரும்.

ஆயினும் அம்மக்களுக்காக உச்சநீதிமன்றம் சென்றவருள் ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரும் ஒருவர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1985 சூலையில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பிழைப்புரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றனர். வேறு வழியின்றி நடைபாதையில் தங்குவோரைக் குற்றவாளிகளாகக் கருதலாகாது என்றனர். எனினும் அப்புறப்படுத்தலைத் தடுக்கவில்லை. மழை ஓயும்வரை, அக்டோபர் 31 வரை, தள்ளிவைத்தனர்.

அவ்வழக்கின் ஏடுகளில் சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார். நிலமற்ற கூலியாள். வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்தவர். 1981 சூலையில் குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்தோடு சேலம் பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு மீண்டும் அதே நகரத்துக்கு, அதே நடைபாதை வாழ்வுக்குத் திரும்பினார்.

அவர் பேசும் மொழி நம் மொழி. நமக்குச் சிபாரிசுக் கடிதமும், வந்து இறங்க உறவினர் வீடும் இருந்தன, அவருக்கு இல்லை. அந்த மழைக்காலத்தில் மாதுங்காவின் பலகணிகளில் அமர்ந்து, "ஆக்கிரமிப்பை எடுத்துவிட்டார்கள், தெரு சுத்தமாயிற்று" என்று காப்பி ஆறுமுன் வீட்டாரிடம் படித்துக் காட்டியவருள் நாமும் இருந்தோம்.