விழும் கல்லும் மனச்சாட்சியும்

கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடப்பட்டால் எது முதலில் நிலத்தை அடையும்? இன்று இரவு எல்லோரும் சாப்பிட அமரும்போது இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, "இரண்டும் ஒன்றாகத்தான் விழும்" என்று உடனே சொல்லும். தாத்தா ஒத்துக்கொள்ள மாட்டார். பலாக்காய் விழுவதையும் பலா இலை விழுவதையும் அறுபது வருடமாகப் பார்த்தவர் அவர். காய் தொப்பென்று விழுந்துவிடும்; இலையோ இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். "நீ பார்த்தாயா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பார்த்திருக்காது. புத்தகத்தில் அப்படி இருக்கிறது, ஆசிரியர் அப்படிச் சொன்னார், அப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும்.

விடை பிள்ளையிடம் இருக்கிறது. அனுபவம் தாத்தாவிடம் இருக்கிறது. காற்றின் தடையை நீக்கிவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்பதே உண்மை. 1971 ஆகஸ்டில் காற்றே இல்லாத சந்திரனில் நின்றுகொண்டு டேவிட் ஸ்கொட் என்னும் விண்வெளி வீரர் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையில் விழுந்தன. ஆனால் நாம் சந்திரனில் வாழவில்லை. காற்றும் மழையும் நிறைந்த கண்டியில் வாழ்கிறோம். இங்கே தாத்தாவின் கண் பொய் சொல்லவில்லை. அவரைப் "படிக்காதவர்" என்று பிள்ளை நகைத்தால், அந்த நகைப்பில் அறிவு இல்லை, செருக்கே இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்றுக்கொள்ளப்பட்ட பௌதிக விதிகள் பிழை என்று, தம் வீட்டு முற்றத்தில் தாமே செய்த பரிசோதனையைக் காட்டி வாதாடும் மனிதர்கள் எல்லா நாடுகளிலும் தோன்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது நம்மவரில் ஒரு சாரார் பைத்தியம் என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார், "பெரிய பெரிய விஞ்ஞானிகளையே மடக்கிவிட்டார்!" என்று வாய் பிளக்கின்றனர். இரண்டுமே சோம்பேறித்தனம். ஒரு மனிதன் கல்லை எடுத்து, "நானே விட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்வது ஆணவமா, நற்பண்பா? இது விஞ்ஞானக் கேள்வி மட்டுமல்ல, ஒழுக்கக் கேள்வியும்கூட.

வரலாற்றைப் பாருங்கள். பாரம் கூடிய பொருள் அதற்கேற்ப விரைந்து விழும் என்று அரிஸ்டோட்டில் கற்பித்தார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யோவான் பிலோபொனுஸ் என்ற கிறிஸ்தவ மெய்யியலாளர், பாரத்தில் பெரிதும் வேறுபட்ட இரு பொருள்களை விட்டால் அவை விழும் நேரத்தில் மிகச் சிறிய வேறுபாடே காணப்படும் என்று எழுதிவைத்தார். (திரித்துவம் பற்றிய அவருடைய கருத்தைப் பின்னர் திருச்சபை கண்டித்தது வேறு கதை.) 1586இல் ஒல்லாந்தில் வாழ்ந்த சைமன் ஸ்டெவின் என்பவரும் அவருடைய நண்பரும், ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு பாரமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகையின்மேல் விட்டனர். எழுந்த ஓசை ஒன்றாகவே கேட்டது. கண்ணை நம்பாமல் காதை நம்பிய அந்த யுக்தியைக் கவனியுங்கள். ஸ்டெவின் கணக்கும் பொறியியலும் அறிந்தவர். அரிஸ்டோட்டிலைக் கற்பித்த பேராசிரியர்களின் கண்ணுக்கு அவரும் ஒரு முற்றத்துப் பரிசோதகராகவே தெரிந்திருப்பார். ஆகவே, கேள்வி கேட்பவனை வாசலிலேயே நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் உள்ளே வந்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதற்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் ஓர் இயேசு சபைக் குருவானவர். கண்டியில் இயேசு சபையாரின் நினைவு இல்லாத கத்தோலிக்கக் குடும்பம் குறைவு. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் அம்பிட்டியவில் நிறுவிய பாப்பரசர் குருமடத்தில், அது 1955இல் பூனாவுக்கு மாற்றப்படும்வரை, இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து வந்த மாணவர்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தவர்கள் அவர்களே. அந்தச் சபையின் பதினேழாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரே ஜொவான்னி பத்திஸ்தா ரிச்சியோலி. இத்தாலியில் பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்தவர்.

கலிலியோ 1633இல் உரோமையில் தண்டனைத் தீர்ப்புப் பெற்றார். அந்தத் தீர்ப்பு பூமி சுழல்வது பற்றியது. விழும் பொருள்கள் பற்றியது அல்ல. எனினும் அதன் பின்பு கலிலியோவின் பெயரே இயேசு சபைக் கல்லூரிகளில் சங்கடமான பெயராயிற்று. ரிச்சியோலி பூமி நகர்கிறது என்பதை ஏற்காதவர். விழும் பொருள்களைப் பற்றிக் கலிலியோ சொன்ன கணக்கிலும் அவருக்கு ஐயம் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்துவிடலாம் என்றே அவர் இறங்கினார் எனலாம். ஐயத்தை மேடையில் முழங்கிவிட்டு அவர் ஓயவில்லை. நேரத்தை அளக்க நல்ல மணிக்கூடு இல்லாத காலம் அது. ஆகவே முதலில் ஓர் ஊசலைச் செய்தார். அதன் ஓர் ஆட்டம் சரியாக எவ்வளவு நேரம் என்று அறிய, ஒன்பது இயேசு சபையினர் மாறி மாறி அமர்ந்து, 24 மணி நேரம் இடைவிடாமல் ஆட்டங்களை எண்ணினர். எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள்! செபமாலை மணியைத் தவறவிடாத பழக்கம் இதற்கும் உதவியிருக்கும் போலும். அதன் பின்பே, ஏறத்தாழ 97 மீற்றர் உயரமான அசினெல்லிக் கோபுரத்தின் மேலிருந்து குண்டுகளை விட்டனர். தம் சீடரும் சகோதரத் துறவியுமான கிரிமால்டியின் துணையோடு, ஆண்டுக்கணக்கில்.

விளைவு என்ன? விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரத்தைக் கடக்கும் என்று கலிலியோ சொன்னது சரியாகவே வந்தது. ரிச்சியோலி என்ன செய்தார் தெரியுமா? அதே நகரில் கணிதம் கற்பித்த, கலிலியோவின் சீடரான கவலியேரியிடம் நேரில் சென்று, "உங்கள் குரு சொன்னது சரி" என்று அறிவித்தார். பின்னர் 1651இல் தாம் வெளியிட்ட பெருநூலில் அளவீடுகளை ஒளிக்காமல் அச்சிட்டார். அதே நூலில், ஒரே அளவான இரண்டு களிமண் உருண்டைகளில் உள்ளே குடைந்த இலேசான உருண்டை பல அடி பின்தங்கியதையும் எழுதினார். அதாவது, காற்றில் எல்லாம் துல்லியமாக ஒன்றாய் விழுவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. பூமி நகரவில்லை என்ற தம் கொள்கையை அவர் விடவுமில்லை. அதில் அவர் பிழைத்தார். ஆனால் கோபுரத்தின் அடியில் கல் சொன்ன சாட்சியை, தமக்குப் பிடிக்காதவருக்குச் சார்பாக இருந்தபோதும், அவர் திரிக்கவில்லை.

இன்று நம்மில் எத்தனை பேர் எதிராளியின் வாசலுக்குப் போய் அப்படிச் சொல்வோம்? காணிச் சண்டையில் அளவைக்காரர் வந்து அளந்த பின்பும் "சங்கிலி பிழை" என்பவர்கள் அல்லவா நாம்!

பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாத மனிதனும் இந்தப் பரிசோதனையில் ஏமாறலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கலிலியோ இளமையில் எழுதிய குறிப்புகளில் ஒரு புதிர் இருந்தது. மரக்குண்டு தொடக்கத்தில் ஈயக்குண்டை முந்துகிறது, பின்னரே ஈயக்குண்டு அதைக் கடக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். எந்த விதிப்படியும் இது நடக்க முடியாது. கலிலியோ விட்டுப் பார்க்காமலே எழுதினார் என்று சிலர் கருதினர். இருபதாம் நூற்றாண்டில் தொமஸ் செட்டில் என்ற வரலாற்றாய்வாளர், ஒருவரை இரு கைகளிலும் குண்டுகளைப் பிடிக்கச் செய்து, அவர் விடுவதைப் படம்பிடித்துப் பார்த்தார். பாரத்தை இறுகப் பிடித்துக் களைத்த கை, "விடு" என்ற மனத்தின் கட்டளைக்குச் சற்றுப் பிந்தியே திறந்தது. விட்டவரோ இரண்டையும் ஒன்றாகவே விட்டதாக உறுதியாய் நம்பினார். கலிலியோ கண்டதை உள்ளபடியே எழுதியிருந்தார். பிழை கையில் இருந்தது.

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். கண்டியில் ஒரு வீட்டு மேல்மாடியிலிருந்து 5 மீற்றர் கீழே ஒரு கல் விழ ஏறத்தாழ ஒரு செக்கன் ஆகும். ஒரு கை மற்றதைவிடச் செக்கனில் இருபதில் ஒரு பங்கு பிந்தினால் போதும், முதற்கல் நிலத்தைத் தொடும்போது இரண்டாவது கல் அரை மீற்றர் மேலே நிற்கும். அரை மீற்றர்! கீழே நிற்கும் நான்கு சாட்சிகளும் சத்தியம் செய்து, "இது முதலில் விழுந்தது" என்பார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். நேரத்தை அளக்கும் பொறியை விரலால் அழுத்தி அளந்தாலோ, நம் விரல் பிந்தும் நேரமே ஏறத்தாழ செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு செக்கனை அளக்க அப்படிப்பட்ட விரலை நம்பி, நியூட்டனைக் கவிழ்த்துவிட்டேன் என்பது எவ்வளவு பெரிய துணிவு!

படித்தவர்களும், பெயர் பெற்றவர்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். மின்வில் விளக்கை வீதிக்குக் கொண்டுவந்து பெரும் பொருளீட்டிய அமெரிக்கரான சார்ள்ஸ் பிரஷ், 1920களில், சில உலோகங்கள் மற்றவற்றைவிடச் சற்று விரைவாக விழுவதாகத் தம் பரிசோதனைகளைக் காட்டி வாதாடினார். இலண்டனில் பொட்டர் என்பவர் 1923இல் ஊசல்களைக் கொண்டு கவனமாகச் சோதித்தார். அப்படி எதுவும் இல்லை. 1970களில் அமெரிக்காவில் புரூஸ் டிபால்மா என்பவர், சுழலும் உருக்குக் குண்டு சுழலாத குண்டைவிட வேகமாக விழுகிறது என்றார். 1989இல் யப்பானின் இரு ஆய்வாளர்கள், வலப்பக்கமாகச் சுழலும் பம்பரப் பொறி நிறை குறைகிறது என்று உலகின் தலைசிறந்த பௌதிகவியல் ஏட்டில் எழுதினர். அடுத்த ஆண்டே அமெரிக்காவிலும் பிரான்சிலும் சோதித்தார்கள், நிறை குறையவில்லை. யப்பானியரின் கூற்றை யாரும் நகைத்து ஒதுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்பரத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்தார்கள். விஞ்ஞானம் மரியாதை செய்யும் முறை அது.

இனி நம் பக்கம் வருவோம். 2019 சனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டில், தமிழகத்திலிருந்து வந்த ஒருவர், நியூட்டனும் ஐன்ஸ்டைனும் ஈர்ப்பைப் பற்றி உலகைத் தவறாக வழிநடத்தினர் என்றும், தம் கொள்கை நிலைநாட்டப்பட்டதும் ஈர்ப்பலைகளுக்கு ஓர் அரசியல் தலைவரின் பெயர் சூட்டப்படும் என்றும் பேசினார். தமிழர் ஒருவர் பேசினார் என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. கல் எங்கே, கோபுரம் எங்கே, ஊசலை எண்ணிய ஒன்பது பேர் எங்கே? பெயர் சூட்டு விழாவுக்கு முதலில் குழந்தை பிறக்க வேண்டும்.

நம் நாட்டில் 2024இல் மறைந்த பேராசிரியர் நளின் த சில்வா வேறொரு திசையிலிருந்து வந்தார். அவர் கற்றறிந்த கணிதப் பேராசிரியர். ஈர்ப்பு விசையை யாரும் கண்டதில்லை, அது கிரேக்க, யூத, கிறிஸ்தவச் சிந்தனை மரபு உண்டாக்கிய கதை என்பது அவருடைய வாதம். இதைக் கேட்டவுடன் நம் சமயத்தைத் தாக்குகிறார் என்று கோபப்படத் தேவையில்லை. விசையைக் கண்ணால் காணவில்லை என்பது மெய்யே. ஈர்ப்பின் காரணத்தைத் தாம் கற்பித்துச் சொல்வதில்லை என்று நியூட்டனே ஒதுங்கிக்கொண்டார். ஐன்ஸ்டைன் 1915இல் அதை விசை என்றே கொள்ளாமல் வேறு விளக்கம் தந்தார். விளக்கங்கள் மாறலாம். ஆனால் கண்டியில் விழும் கல் ஒவ்வொரு செக்கனும் தன் வேகத்தில் ஏறத்தாழ 9.78 மீற்றர் கூட்டிக்கொள்கிறது என்ற அளவு, அளப்பவர் பௌத்தரா, சைவரா, கத்தோலிக்கரா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. பாடநூலில் 9.8 அல்லது 9.81 என்றிருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகிலும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் இருப்பதால் இங்கே சற்றுக் குறைவு. 9.81 கண்டிக்குப் பொருந்தாது என்று ஒரு மாணவன் அளந்து காட்டினால், அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும். அவன் சொல்வது சரி.

"அப்படியானால் பெரியோர் சொல்லை நம்பவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நம்பாமல் வாழ முடியாது. நாம் பிறந்த நாளையே தாயின் வார்த்தையைக் கொண்டுதான் அறிகிறோம். ஆனால் நம்பிக்கையிலும் வகை உண்டு. புனித தோமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் தொடக்கத்திலேயே, இறைவெளிப்பாட்டை ஆதாரமாகக் கொண்ட வாதத்தையும் மனித அறிவை மட்டும் ஆதாரமாகக் கொண்ட வாதத்தையும் பிரித்து, "இன்னார் சொன்னார்" என்று மனிதரின் பெயரைக் காட்டும் வாதமே யாவற்றிலும் வலுக் குறைந்தது என்கிறார். அரிஸ்டோட்டிலைத் தலைமேல் வைத்துப் போற்றியவர் சொன்னது இது! ஆகவே விழும் கல்லைப் பற்றிப் பிள்ளை, "ஏன்?" என்று கேட்டால், "புத்தகத்தில் இருக்கிறது, வாயை மூடு" என்று அடக்குவதை விசுவாசக் கல்வி என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி அடக்கி வளர்க்கப்பட்ட பிள்ளையே நாளை, உரத்த குரலில் பேசும் எவனையும் நம்பும். 2020இல் கேகாலையில் கொரோனாவுக்கு ஒரு பாணி கொடுக்கப்பட்டபோது வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானோர் கல்வி இல்லாதவர்களா? "சோதித்தீர்களா, எப்படி?" என்று கேட்கப் பழகாதவர்கள்.

உலகம் இந்தக் கேள்வியை இன்னும் மூடிவிடவில்லை. 2016இல் பிரான்ஸ் ஏவிய ஒரு செய்மதியில், பிளாட்டினக் கலவை, தைத்தானியக் கலவை ஆகிய இரண்டும் பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்தவண்ணம் சோதிக்கப்பட்டன. 2022இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட அவற்றிடையே வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு தென்பட்டிருந்தால் அந்த விஞ்ஞானிகள் மகிழ்ந்திருப்பார்கள்.

சனிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது ஓர் அப்பியாசக் கொப்பியையும், அதைவிடச் சிறிதாகக் கத்தரித்த ஒரு கடதாசித் துண்டையும் எடுங்கள். முதலில் இரண்டையும் தனித்தனியே விடச் சொல்லுங்கள். பிறகு கடதாசியைக் கொப்பியின் மேல் வைத்து, கொப்பியை மட்டும் பிடித்து விடச் சொல்லுங்கள். தாத்தாவையும் பக்கத்தில் அழைத்து அமர்த்துங்கள். ஆனால் எதையும் விடுவதற்கு முன்னே, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நினைப்பதைத் தாளில் பேனாவால் எழுதிக் கையெழுத்திடட்டும். பென்சில் வேண்டாம்.