சுவரைத் தடவும் தாத்தா

பிடித்த படம் எது என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் வாயில் வருவது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக வீடு கட்டத் துணிகிறாள். கதை அவ்வளவுதான். கடன், அனுமதி, கான்ட்ராக்டரின் திருட்டு என்று ஒவ்வொன்றும் அவள் கழுத்தை நெரிக்கிறது. ஒப்பனையில்லாத முகத்தோடு நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதருக்காக. பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அந்த முதியவர் தனியாகக் கிளம்பி வருகிறார். சுவரைக் கையால் தடவுகிறார்; நின்று நின்று ஒவ்வோர் இடமாகப் பார்க்கிறார். பேச்சே இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை மட்டும் கூடவே நடக்கிறது. பேத்தி சம்பாதித்துக் கட்டும் வீட்டில் ஒரு பெரியவருக்கு வரும் பூரிப்பை இவ்வளவு அருகில் போய்க் காட்டிய காட்சியை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். வீட்டுக் கடனுக்கு அலைந்தவர்கள், சிமென்ட் மூட்டையை எண்ணி இறக்கியவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். சித்தாள் மங்கம்மாவாக வரும் 'பசி' சத்யாவையும் கவனியுங்கள். கான்ட்ராக்டரின் களவைத் துணிந்து போட்டு உடைப்பது அவள்தான்.