எரிந்த கட்சி, எரியாத கட்சி

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் எங்கள் தோட்டத்துக் காமன் பொட்டலில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவார்கள். ஹட்டன் பக்கத்துக் குளிரில் கம்பளி போர்த்திய லயத்துச் சனம் தப்புச் சத்தம் கேட்டதும் பொட்டலுக்கு இறங்கிவிடும். கூத்தின் உச்ச இரவில் சிவனின் நெற்றிக்கண் திறக்கும், மன்மதன் எரிவான். பிறகு ரதியின் ஒப்பாரி. ரதி வேடம் கட்டியிருப்பவர் அன்று காலை மலைக்கு வேலைக்குப் போன ஆண் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெண்கள் முந்தானையால் கண் துடைப்பார்கள். என் அம்மாயி வாய்விட்டே அழுவார்.

அவருக்குப் பரிசம் போட்டிருந்தது தாய்மாமன் மகனுக்கு. இரண்டு குடும்பமும் ஒரே லயம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று மலையகத்தையே பங்கு பிரித்தது. மாமன் வீடு இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தது. அம்மாயியின் அப்பா, பெற்றோரைப் புதைத்த மண்ணை விட்டு வர முடியாது என்று இங்கேயே நின்றுவிட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் மாமன் குடும்பம் ஹட்டனில் கோச்சி ஏறியது. தலைமன்னாருக்குப் போகிற அந்த வண்டிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டமொன்றில் மாமன் மகனுக்கு வேலை கிடைத்தது. கோத்தகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவதாக வந்தது அவருடைய கல்யாணச் செய்தி.

ஆறு வருடம் கழித்துத்தான் அம்மாயி தாத்தாவைக் கட்டிக்கொண்டார். தாத்தாவின் அண்ணன் தம்பிகளும் அதே கோச்சியில் போனவர்கள். "அதை மறந்துடு" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லையாம். கல்யாணமான முதல் மாசியில் பொட்டலுக்குக் கூட்டிப்போய், "அழுதுட்டு வா, நான் இங்கனதான் நிக்கிறேன்" என்றாராம்.

மனசு உடைந்தவர்களுக்கு நாம் இரண்டு விதமாகத்தான் புத்தி சொல்கிறோம். சீக்கிரம் மறந்துவிட்டு வேறு பார் என்போம். அல்லது, உண்மையான அன்பு ஒருமுறைதான் வரும் என்போம். முதலாவது, அழுகைக்கு இடம் தருவதில்லை. இரண்டாவது, அழுகையை விட்டு எழ விடுவதில்லை. காமன் கூத்து இரண்டையும் ஏற்பதில்லை. எரிப்பைத் தாண்டாமல் அங்கே மன்மதனின் உயிர்ப்புக்குப் போக முடியாது. நடுவில் ரதி விடிய விடிய அழவேண்டும். தோட்டமே சுற்றி நின்று அதைக் கேட்கவேண்டும். பக்தி துக்கத்தை அழித்துவிடும் என்று நான் நம்பவில்லை. துக்கத்துக்கு ஓர் இரவும் ஒரு பொட்டலும் கூட நிற்க ஆட்களும் கொடுப்பது பக்திதான் என்று நம்புகிறேன். மறுபடி அன்பு வைக்காமலே வாழ்ந்து முடித்தவர்களும் எங்கள் லயத்தில் உண்டு. அவர்கள் தோற்றவர்கள் அல்ல. அவர்களுக்கும் அந்த ஓர் இரவு உரியது.

ஒருமுறை அம்மாயியிடம் துணிந்து கேட்டேன்: "தாத்தா மேல எப்புடி அம்மாயி ஆசை வந்துச்சு?"

கொஞ்சநேரம் அடுப்பையே பார்த்திருந்தார். "ரதிக்கு மன்மதன் திரும்பி வந்தானே, ஒடம்போடயா வந்தான்?" என்றார்.

அப்போது விளங்கவில்லை. மன்மதனுக்கு அனங்கன் என்றொரு பெயர்; உடலற்றவன் என்று பொருள். எழுந்து வந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்கிறது புராணம். போன உருவம் போனதுதான். ஆனால் நேசிக்கத் தெரிந்த மனசு அந்த உருவத்தோடு சேர்ந்து எரிந்துவிடவில்லை. மாமன் மகன் மேல் ஆசை வைத்துப் பழகிய அதே மனசைத்தான் அம்மாயி தாத்தாவுக்குக் கொடுத்திருக்கிறார். அது துரோகம் இல்லை. முதல் அன்பு கற்றுக்கொடுத்ததை அவர் வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் காமன் பண்டிகைகளில் லாவணி பாடுவார்கள்: மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. விடியும்வரை வாதம் நடக்கும். அம்மாயியை அந்த மேடையில் ஏற்றியிருந்தால் எந்தப் பக்கம் உட்காருவார் என்று யோசித்திருக்கிறேன். வருடம் தவறாமல் அழுதவர் என்பதால் எரிந்த கட்சி என்று நினைப்பேன். அழுது முடித்துப் பொட்டலின் ஓரத்துக்கு நடந்து, அங்கே நிற்கும் தாத்தாவின் கம்பளிக்குள் கை நுழைப்பாரே, அதை நினைத்ததும் கட்சி மாறிவிடுவேன்.