பதுங்கும் சீட்டு

பெங்களூரில் வாழும் நம் அன்பர் ஒருவர் போக்கர் சீட்டாட்டத்தில் ஈடுபாடுடையவர். வலுத்த சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வலுவற்றவர்போல் பதுங்குதல் நான்காம் சீலத்துக்கு ஊறாகுமா என்று அவர் நம்மை வினவினார். பணம் வைத்தாடுதல் தீதென்று சொல்லி அவரை அனுப்பிவிடுதல் எளிது. ஆயின் அவர் கேட்டது அதுவன்று.

ஆட்டத்தின் முறையை முதலில் நோக்குவோம். கையில் இரண்டு ஏழுகள். மேசைமீது விரித்த மூன்று பொதுச் சீட்டுகளுள் மற்றுமோர் ஏழு. அம்மூன்றும் வெவ்வேறு இனத்தவை, தொடர்ச்சியற்றவை எனில், எதிராளி முந்துதல் அரிது. பந்தயத்தை ஏற்றாமல் வாளாவிருந்தால் அவரே துணிந்து பணத்தை முன்வைப்பார். மூன்றில் இரண்டு இஸ்பேட்டாயின் பதுங்குதல் பேதைமை. கையில் இரண்டு இஸ்பேட்டு வைத்திருப்பவர் காணாத சீட்டுகள் 47. அவற்றுள் 9 இஸ்பேட்டுகள். ஏறத்தாழ ஐந்திலொரு வாய்ப்பை அவருக்கு இலவசமாய்க் கொடுத்ததாகும்.

இதனைத் திறமை என்றே கர்நாடக உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று கருதி, இணைய ஆட்டங்களுக்கு மாநில அரசு விதித்த தடையின் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. 2025இல் நாடாளுமன்றமோ, திறமை, தற்செயல் என்னும் வேறுபாடு பாராது, இணையப் பணவாட்டங்களைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. சட்டம் எவ்வாறாயினும், நம் அன்பரின் வினா அப்படியே நிற்கிறது.

உரையாசிரியர்கள் பொய்க்கு நான்கு உறுப்புகள் கூறுவர்: உண்மையல்லாத பொருள், ஏமாற்றும் எண்ணம், அதற்குரிய முயற்சி, பிறர் அதனை உணர்ந்துகொள்ளுதல். முயற்சி நாவினால்தான் நிகழவேண்டுமென்பதில்லை, உடலாலும் நிகழும். ஆகவே பதுங்குதலும் பொய்யெனத் தோன்றலாம். ஆயினும் மேசையில் அமர்ந்தவர் அனைவரும் அதற்கு உடன்பட்டே அமர்ந்தனர். சதுரங்கத்தில் தன் எண்ணத்தை மறைப்பவனைப் பொய்யன் என்று யார் சொல்வார்? நாமும் சொல்லத் துணியோம்.

பின்னர் நாம் அவரைக் கேட்டோம்: எவரிடம் பதுங்குகிறீர்? இழந்ததை அன்றிரவே மீட்கத் துடிப்பவரிடம் என்றார். பொறுமையுடையவர் சீட்டை மடித்துத் தப்பிவிடுவாராம். இவ்விடத்தில்தான் நம் மனம் தடுமாறியது. பிறனுடைய துன்பத்தைக் கண்டறிவது கருணையின் முதற்படியன்றோ? அதே கூர்மையை அவன் பணத்தைப் பறிக்கப் பயன்படுத்துகிறோம்! சூதின் ஆறு கேடுகளைச் சொல்லும் சிகாலோவாத சூத்திரம், தோற்றவன் துயரத்துக்கு முன்னே வென்றவன் ஈட்டும் பகையை வைத்திருப்பதன் பொருளும் எமக்கு அப்பொழுதே விளங்கிற்று.

பணமின்றி ஆடிப் பாரும் என்றோம். பணமில்லையேல் பதுங்குதலுக்கு எவரும் அகப்படார் என்று நகைத்தார்.

சென்ற ஞாயிறன்று அவர் மீண்டும் வந்தார். அம்மனிதர் அமரும் மேசையில் தாம் இப்பொழுது அமர்வதில்லை என்றார். வேறு மேசைக்குச் செல்கிறாரா என்று நாம் கேட்கவில்லை.