கதிரவனுள் உறையும் கமலக்கண்ணன்

ப்ரஹ்மோத்ஸவத்தில் எம்பெருமான் ஸூர்யப்ரபை வாகனத்தில் எழுந்தருளும்போது, அடியார்கள் இரண்டு ஒளிகளை ஒருங்கே ஸேவிக்கின்றனர். ஒன்று வானத்துக் கதிரவன். மற்றொன்று அக்கதிரவனுக்கு அந்தர்யாமியான ஸ்ரீமந் நாராயணன்.

ஆதித்ய மண்டலத்தினுள் விளங்கும் பொன்மயமான புருஷனின் திருக்கண்களைச் சாந்தோக்ய உபநிஷத்து வருணிக்கிறது. அங்கு வரும் 'கப்யாஸம்' என்னும் சொல்லுக்கு யாதவப்ரகாசர் தகாத பொருள் உரைக்க, அவரிடம் பயின்ற இளையாழ்வார் கண்ணீர் உகுத்தார் என்று குருபரம்பரை கூறும். நீரைப் பருகுவதால் 'கபி' என்பது சூரியன்; அவனால் மலர்த்தப்பெற்ற தாமரை போன்ற கண்கள் என்பதே பொருள் என்று அவர் அருளிச்செய்தார்.

தாமரையை மலர்த்தும் அவ்வெப்பமும் ஒளியும் கதிரவனிடத்தில் எவ்வாறு பிறக்கின்றன? கரியைப்போல் எரிந்திருப்பானாயின் சில ஆயிரம் ஆண்டுகளில் அவன் அவிந்திருப்பான். ஆனால் சுமார் 460 கோடி ஆண்டுகளாக ஒளிர்ந்து வருகிறான். அவனது நடுப்பகுதியில் வெப்பம் ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. அங்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாகின்றன. நான்கின் நிறையைவிட அவ்வொன்றின் நிறை சிறிது குறைவு. குறைந்த பொருளே ஆற்றலாகிறது. 1939ஆம் ஆண்டில் இதனை விளக்கிய ஹான்ஸ் பெத்தே என்னும் அறிஞர் 1967இல் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாற, 40 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருள் ஆற்றலாகிறது. அவ்வாற்றல் மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அங்கிருந்து ஒளியாய்ப் புறப்பட்டுப் பூமியை அடைய 8 நிமிடம் 20 விநாடியே போதும்.

இவ்வளவு பெரிய உலை வெடித்துச் சிதறாமல் நிற்பது எங்ஙனம்? நடுவில் வெப்பம் மிகுந்தால் அப்பகுதி விரிந்து தணிகிறது; குறைந்தால் சுருங்கிச் சூடேறுகிறது. இவ்வாறு அளவு பிறழாமல் நிற்கும் ஒழுங்கையே எம்பெருமானின் ஆணை என்று ஆன்றோர் அநுஸந்தித்தனர்.

இவற்றைக் கற்ற இளைஞர், "சூரியன் வெறும் வாயுக்கோளம், அங்கே நாராயணன் எங்கே?" என்று வினவுவதுண்டு. முதியோர் அக்கல்வியையே அஞ்சுவதும் உண்டு. இரண்டும் வேண்டா. ராமாநுஜ தர்சனத்தில் உலகம் பொய்த்தோற்றம் அன்று, மெய்யானது. சேதநமும் அசேதநமும் அவனுக்குச் சரீரம். உடலின் இயக்கத்தை மருத்துவன் விளக்கிவிட்டதனால் உள்ளிருக்கும் உயிர் இல்லையென்று ஆகாது. அதுபோல, அணுக்கரு இணைவதை அறிந்தவன் எம்பெருமானின் சரீரத்தில் ஒரு பகுதியின் இயல்பையே அறிந்தவனாகிறான். அவ்வறிவு பக்திக்குப் பகையாவது எங்ஙனம்?

கதிரவன் தன்னையே தேய்த்து உலகைக் காக்கிறான். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அவனது நடுப்பகுதியின் ஹைட்ரஜன் தீர்ந்துவிடும். கொடுக்கக் கொடுக்கக் குறைபவன் அவன். கொடுத்தும் குறையாதவன் அவனுள் உறையும் கமலக்கண்ணன். வாகனத்தின் பின்னே வெயிலில் நடக்கும் அடியார்கள், தம்மேல் படும் வெம்மையையும் அப்பெருமானின் கொடையென்று நினைந்து கைகூப்புவார்களாக.