பிழைக்கு உரியவன்

படைப்பு என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே செலவழித்து வந்திருக்கிறோம். கவிதையோ சிற்பமோ, இது யாருடையது என்று கேட்டால், இதை முதலில் மனதில் கண்டவனுடையது என்ற பதில் தயாராக இருக்கிறது. மனம் கர்த்தா, கை வெறும் கருவி. கண்டது ஒருவன், கையால் ஆக்கியது இன்னொருவன் என்று வரும்போது முதலாமவனுக்கே மாலை போடுகிறோம். நானும் இந்தக் கட்சியைச் சேர்ந்தவனாகத்தான் இருந்தேன். சொந்தமாக எதையுமே மனதில் காணத் தேவையில்லாத ஒரு காரியத்தில் போன வருஷம் ஏறத்தாழ ஒரு மாதம் ஈடுபட நேர்ந்தது. அதற்குப் பிறகு இந்தக் கட்சியில் நீடிக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்ல ஒரு போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அக்கா அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறாள். வங்கியில் சேர்ந்திருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு மூதாட்டி படுத்த படுக்கையாக இருந்தாள். வைத்தியம் முடிந்துவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்ற கட்டம். அக்கா அந்த ஊருக்குப் புதிதாகப் போய் இறங்கிய நாட்களில், பனியில் வண்டி ஓட்டுவது எப்படி என்பதிலிருந்து குவில்ட் தைப்பது வரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் இந்த அம்மாள். “அவங்களுக்கு ஒண்ணு தைச்சுக் குடுத்துடணும்டா, அவங்க இருக்கறப்பவே” என்றாள் அக்கா. துணி தேர்ந்து, வெட்டி, வண்ணம் பொருத்திப் பார்க்க அவகாசமில்லை. கடைக்குப் போய் ஒரு கிட் வாங்கி வந்தாள்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகம், நடுவில் பஞ்சு, கீழே ஒரு முழுத் துணி. மூன்றும் நகராதபடி ஊடே ஓடும் தையல். அக்கா வாங்கிய கிட்டில் இருந்த கோலத்துக்கு லோன் ஸ்டார் என்று பெயர், தனி நட்சத்திரம். போர்வை முழுவதையும் அடைத்துக்கொண்டு எட்டு முனை கொண்ட ஒரே நட்சத்திரம். ஒவ்வொரு முனையும் ஒரு பெரிய சாய்சதுரம். அதனுள் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, 36 சிறு சாய்சதுரங்கள். எட்டு முனைக்கு 288. மூலைகளை நிரப்ப நான்கு சதுரங்கள், பக்கங்களுக்கு நான்கு முக்கோணங்கள். எல்லாம் இயந்திரத்தில் வெட்டி, நிறவாரியாக எண்ணிட்ட பைகளில் போடப்பட்டிருந்தன. எதை எதோடு சேர்ப்பது என்று படம். ஒரு முனைக்கு 45 பாகை, எட்டும் சேர்ந்தால் 360, நடுவில் படிந்து உட்காரும். மனதால் செய்யவேண்டிய வேலை எல்லாவற்றையும் யாரோ செய்து, விலை போட்டு, பெட்டியில் அடைத்திருந்தார்கள்.

இதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அலட்சியம் புதியதல்ல. அந்த நாட்டிலேயே அது பழைய விஷயம். இந்தியானா மாநிலத்து மேரியன் ஊரைச் சேர்ந்த மேரி வெப்ஸ்டரின் குவில்ட்களை 1911-ல் ஒரு பெண்கள் பத்திரிகை வண்ணத்தில் வெளியிட்டது. 1921-ல் தோழிகளோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனி, வெறும் மாதிரித் தாள், துணியோடு கிட், ஓட்டுத் தையல் போட்டு மீதியை வாங்குபவர் முடிக்கவேண்டிய போர்வை, முழுவதும் முடித்த போர்வை என்று பல படிகளில் விற்றது. பணத்துக்குத் தக்கபடி செய்பவளின் பங்கு குறைந்துகொண்டே போகும். கிட்டில் தைத்ததைக் குவில்ட் என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் அன்றிலிருந்து இருந்து வருகிறார்கள். புதுக்கவிதைக்காரர்களான நாம் வெண்பாவைப் பார்க்கும் பார்வைதான் இது. சீரும் தளையும் முன்கூட்டியே வெட்டி வைத்தவை, ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கே பைகள், இதில் புலவனுக்கு என்ன வேலை என்று நானே எழுதியிருக்கிறேன்.

அக்கா ஆறு முனைகளை எடுத்துக்கொண்டாள். இரண்டு எனக்கு. அம்மாவின் தையல் மெஷினில் சிறு வயதில் பழகிய கைதான். ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. படைப்பு சம்பந்தப்படாத இடத்தில் கவனம் எதற்கு என்பது என் அலட்சியத்தின் தர்க்கம். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூலளவு கூடுதலாக உள்ளே போயிருக்கிறேன். ஆறு வரிசைக்கு ஐந்து தையல். ஐந்து நூலளவுகள் சேர்ந்தபோது என் இரண்டாவது முனை மற்றவற்றைவிடக் கால் அங்குலத்துக்கு மேல் குட்டையாக நின்றது.

சாய்வாக வெட்டிய துணியை நம்மூர்த் தையற்காரர்கள் கிராஸ் என்பார்கள். இழுத்தால் நீளும். நான் இழுத்தேன். கஞ்சித் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டி, அளவை எட்டச் செய்து, மற்ற முனைகளோடு அடுக்கி வைத்துவிட்டேன். இதை நான் பொய் என்று அப்போது நினைக்கவில்லை. சரிக்கட்டுதல் என்று நினைத்தேன்.

வங்கியில் என் வேலைக்கு இப்போது மேக்கர் என்று பெயர். கவுண்டரில் ஒரு வவுச்சரை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினால் நான் மேக்கர்; அதைச் சரிபார்த்து அனுமதிக்கும் அதிகாரி செக்கர். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கக்கூடாது. மேக்கர் என்றால் செய்பவன். ஆனால் நான் அங்கே எதைச் செய்கிறேன்? பணம் வாடிக்கையாளருடையது, படிவம் வங்கியுடையது, விதி ரிசர்வ் வங்கியுடையது. என்னுடையது என்று ஒரு எண்கூட இல்லை. இருந்தும் அந்தப் பதிவின் அடியில் என் அடையாள எண் போய் உட்காருகிறது. பாராட்டுவதற்காக யாரும் அதைத் தேடிப் போனதில்லை. தப்பு நடந்தால்தான் தேடுவார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் இதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை என்பது விசித்திரம்தான்.

எட்டு முனைகளையும் சேர்த்த அன்று இரவு நட்சத்திரத்தின் நடுப்பகுதி படியவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து மேலே துணி போட்டதுபோல் மேடிட்டு நின்றது. இழுத்து நீட்டிய என் ஓரம் சுருங்கித் தன் அளவுக்குத் திரும்பிக்கொண்டு, பக்கத்து முனைகளையும் கூடவே இழுத்திருந்தது. இது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. தன் தையலில்தான் எங்கோ தப்பு என்று முடிவு செய்து, ஊக்கு போன்ற ஒரு கருவியால் தான் தைத்ததைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் பேசாமல் இருந்தேன். நாளில்லை, சொன்னால் இன்னும் நேரமாகும், ஆவியில் காட்டி அழுத்தினால் அடங்கிவிடும், சாகப்போகும் ஒருத்திக்கு அரை அங்குல மேடு தெரியவா போகிறது என்று என்னென்னவோ சமாதானம். எல்லாம் அந்த அம்மாளின் மேலுள்ள கருணையின் பெயரால். இரண்டு இரவு அக்கா தன்னுடைய சரியான தையல்களைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

அந்த இரவுகளில் தூக்கம் வராமல் அவள் அலமாரியிலிருந்த ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1933-ல் சிகாகோவில் நடந்த ‘முன்னேற்றத்தின் நூற்றாண்டு’ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் கம்பெனி ஒரு குவில்ட் போட்டி நடத்தியிருக்கிறது. முதல் பரிசு 1,000 டாலர். பொருளாதார வீழ்ச்சியின் அடிமட்டத்தில் நாடு கிடந்த வருஷம் அது. ஏறத்தாழ 24,000 குவில்ட்கள் வந்து குவிந்தன. பரிசு, கென்டக்கியின் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் என்பவர் அனுப்பிய நட்சத்திரக் கோலப் போர்வைக்கு. அது பிறகு ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகப் போயிற்று. அதில் ஒரு தையல்கூட கேடன் போட்டதல்ல. கூலிக்குத் தைத்த பெண்கள் சிலர் செய்தது. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. வேலை போய்விடும் என்பதால் அவர்கள் வாயைத் திறக்கவுமில்லை. போட்டியைப் பற்றி இரண்டு ஆய்வாளர்கள் எழுதி 1993-ல் வெளியான புத்தகத்தின் வழியாகத்தான் இது பரவலாகத் தெரியவந்தது.

வாசிக்கும்போது வந்த ஆத்திரத்தை நான் நம்பவில்லை. நான் இதுவரை சொல்லிவந்த கொள்கையின்படி கேடனுக்கு நல்ல வாதம் இருக்கிறது. கோலத்தையும் துணியையும் நிறத்தையும் தேர்ந்தது நான், மனதில் கண்டது நான், மற்றவர்கள் கைகள் மட்டும்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். ராஜராஜன் கட்டிய கோயில் என்கிறோம். அவன் கல் தூக்கவில்லை, அதனால் யாரும் ஏமாறவுமில்லை. அப்படியானால் இங்கே மட்டும் உறுத்துவது எது? கையால் செய்தவர்களின் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் அவர் தன் பெயரை நிறுத்தினார் என்பதுதான் எனக்குத் தோன்றிய முதல் பதில். ஆனால் பரிசுக்குப் பதில் அந்தப் போர்வையில் ஒரு கோணல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் என்ற கேள்வி உடனே வந்தது. அப்போது பொறுப்பு யாரிடம் போய் நின்றிருக்கும்? பெருமை வருகிறபோது செய்தவர்கள் வெறும் கைகள், பழி வருகிறபோது அவர்களுக்குத் திடீரென்று பெயர் முளைக்கும். வேலை செய்யும் எந்த இடத்திலும் இது நாம் அறிந்த நடைமுறைதான்.

புத்தகத்தை மூடியபோது அடுத்த அறையில் அக்கா பிரித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கேடன் மற்றவர்களின் நேர்த்தியை எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். நான் என் பிழையை எடுத்து இன்னொருத்தியின் பெயரில் எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே கணக்கைத் திருத்துவதுதான், வரவுப் பக்கத்தில் ஒன்று, பற்றுப் பக்கத்தில் ஒன்று. அவருடைய செயலால் செய்தவர்கள் காணாமல் போனார்கள். என்னுடையதால் நானே காணாமல் போயிருந்தேன். இந்தப் போர்வையில் எனக்குரியதாக ஏதாவது இருக்குமென்றால் அது அந்தக் கால் அங்குலம்தான். அதையும் கைகழுவிவிட்டு, இதில் படைப்பு எங்கே இருக்கிறது என்று தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய்ச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “ரெண்டு நாளாடா?” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. என் இரண்டாவது முனையைத் தனியாகக் கழற்றிக் கையில் கொடுத்தாள். அன்று இரவே 36 துண்டுகளாகப் பிரித்து, கால் அங்குலத்தைக் கால் அங்குலமாகவே தைத்தேன். விடிந்தபோது நட்சத்திரம் மேஜைமேல் படிந்து கிடந்தது. என் கருணை மிச்சப்படுத்துவதாக நினைத்த நேரத்தைவிட அது தின்ற நேரம்தான் அதிகம்.

கடவுள் மட்டுமே பிழையற்றவர் என்பதால் அந்தக் காலப் பெண்கள் ஒவ்வொரு குவில்ட்டிலும் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. சரித்திரம் எழுதுபவர்கள் அதை ஏற்பதில்லை. ஆதாரமில்லை என்பது இருக்கட்டும், தர்க்கமும் இல்லை. திட்டமிட்டு வைப்பது பிழையாகாது, அது கோலத்தின் ஒரு பகுதி. பிழை என்பது நம் விருப்பத்துக்கு எதிராக நம்மிடமிருந்தே வருவது. கோலத்தை இரவல் வாங்கலாம், துணியை விலைக்கு வாங்கலாம், வெட்டுவதை இயந்திரத்திடம் விடலாம். தப்பு செய்வதை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. ஒரு பொருளை யார் செய்தார் என்று அறிய, அதை யார் கண்டார் என்று கேட்பதைவிட, அதன் கோணலுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது நேரான வழி என்று எனக்குப் படுகிறது. வெண்பாவைப் பற்றி நான் எழுதியதையும் இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அங்கே தளை தட்டினால் தொல்காப்பியரைக் கேட்க முடியாது, எழுதியவனைத்தான் கேட்க வேண்டும். அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

மூன்றடுக்கையும் சேர்க்கும் ஊடு தையலை ஊரில் பெரிய மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண்மணி போட்டுக் கொடுத்தாள். போர்வையின் பின்பக்க மூலையில் சிறு துணியில் பெயரும் வருஷமும் எழுதித் தைப்பது வழக்கம். செய்தவர் என்று ஒரே பெயர் போடாமல், துண்டுகளை இணைத்தவர் இன்னார், ஊடு தையல் போட்டவர் இன்னார் என்று பிரித்து எழுதுவதும் அங்கே உண்டு. அக்கா அப்படியே எழுதினாள். இணைத்தவர்கள் என்பதில் என் பெயரும் இருந்தது. கிட் என்பதையும் அதைத் தயாரித்த கம்பெனியின் பெயரையும் சேர்த்து எழுதினாள். நான் கேட்காமலே.

போர்வை போய்ச் சேர்ந்தபோது நான் ஊர் திரும்பிவிட்டேன். அக்கா போனில் சொன்னாள். அந்த அம்மாள் முதலில் நடுப்பகுதியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாளாம். படிந்திருந்தது. பிறகு திருப்பச் சொல்லிப் பின்பக்கத்தைப் படித்தாளாம். மறுபடி முன்பக்கம். நாங்கள் இருவருமே பார்க்காமல் விட்ட ஒரு இடத்தில், என் முதல் முனையில், ஒரு சாய்சதுரத்தின் நுனி தையலுக்குள் போய் மழுங்கியிருந்திருக்கிறது. விரலை அங்கே வைத்து, “இது உன் தம்பியா?” என்று கேட்டாளாம்.

ஆமாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.