கொல்லாமையும் காதலும்

இளம் பெண்கள் விரும்பிப் படிக்கும் நாவல்களைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சே வழங்கி வருகிறது. அவை குப்பை, பிள்ளைகளின் கைக்கு எட்டவிடலாகாது என்பது ஒன்று. அவை வெறும் பொழுதுபோக்கு, அவற்றை ஆராய்வது வீண்வேலை என்பது மற்றொன்று. முன்னது வாசகியை நம்ப மறுக்கிறது. பின்னது நூலின் வலிமையை உணர மறுக்கிறது. இரண்டின் விளைவும் ஒன்றே. அன்பு என்றால் இன்னது என்று எண்ணற்ற இளம் உள்ளங்களுக்குக் கற்பிக்கும் நூல்கள், எவருடைய விசாரணைக்கும் உட்படாமலே தம் வேலையைச் செய்துகொண்டு போகின்றன.

பேய்களும் ஓநாய் மனிதரும் வானுலகினின்று வீழ்ந்த தேவதூதரும் காதலராக வரும் இளையோர் நாவல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் பெருஞ்செல்வாக்குப் பெற்றது அமெரிக்க எழுத்தாளர் ஸ்ரெபனி மேயரின் ‘ருவைலைற்’. அந்தியொளி என்பது அப்பெயரின் பொருள். முதல் நாவல் 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. 2008ஆம் ஆண்டுக்குள் மேலும் மூன்று வெளிவந்து கதை நிறைவெய்தியது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. அமெரிக்காவின் வடமேற்கிலே, வாஷிங்டன் மாநிலத்தில், மழை ஓயாத போர்க்ஸ் என்னும் சிற்றூருக்குத் தந்தையுடன் வாழ வருகிறாள் பதினேழு வயதுப் பெல்லா. பாடசாலையில் அவளோடு ஒரே வகுப்பில் அமரும் எட்வேட், 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் சாகும் தறுவாயில் இரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்டவன். அன்று முதல் வயது பதினேழிலேயே நின்றுவிட்டவன். அவனும் அவனுடைய கல்லன் குடும்பத்தாரும் மனித இரத்தத்தை விலக்கி, விலங்குகளின் இரத்தத்தால் வாழ்கின்றனர். ஆயினும் பெல்லாவின் இரத்தத்தின் மணம் வேறெவருடையதையும் விட அவனை இழுக்கிறது. அவளைக் கொல்லும் வேட்கையும் அவளைப் பிரிய முடியாத காதலும் ஒருசேர அவனை வாட்டுகின்றன. நான்கு நாவல்களையும் நடத்திச் செல்லும் விசை இதுவே.

பேய் வருகிறது என்பதற்காகவே ஒரு நூலை வாழ்க்கைக்குப் புறம்பானதென்று தள்ளிவிடுவது யதார்த்தவாதமாகாது. இரத்தக்காட்டேரி ஒரு காலத்தில் மிகத் தெளிவான சமூக உண்மையொன்றைச் சுமந்து நின்ற உருவம். 1819இல் ஜோன் பொலிடோரி எழுதிய கதையில் அவன் ஒரு பிரபு. 1897இல் பிராம் ஸ்ரோக்கர் எழுதிய ‘டிரகுலா’விலும் அவன் மலைக்கோட்டையில் வாழும் ஒரு பிரபுவே, சிலர் ஒன்றுகூடித் தேடிச் சென்று அவனை அழிக்கின்றனர். உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே மூலதனம் வாழ்கிறது என்பதை விளக்க, 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் கையாண்டதும் இவ்வுருவகந்தான். மேயரிடம் வந்தபோது அவ்வுருவம் தலைகீழாகிவிட்டது. கல்லன் குடும்பத்தார் அழகர், செல்வர், விலையுயர்ந்த கார்களில் உலவுவோர். வருங்காலத்தை முன்னறியும் ஆலிஸ் என்பவளின் ஆற்றல் அக்குடும்பத்தின் செல்வத்துக்கு அரணாகிறது. அவர்களை எதிர்க்க வேண்டும் என்று வாசகிக்குத் தோன்றுவதில்லை; அவர்களுள் ஒருத்தியாகிவிட வேண்டும் என்றே தோன்றுகிறது. பெல்லாவும் இறுதியில் அவ்வாறே ஆகிவிடுகிறாள்.

அறம் பற்றிய வினா இங்கேதான் எழுகிறது. எட்வேட்டின் பெருமை எதில் தங்கியிருக்கிறது? அவளைக் கொல்லும் வல்லமை அவனுக்கு உண்டு, அவன் கொல்லவில்லை. இத்தன்னடக்கமே அவன் காதலுக்குச் சான்றாக மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படுகிறது. இதன் நிழலில் வேறு பல செயல்கள் மன்னிப்புப் பெறுகின்றன. அவள் அறியாமல் இரவிலே அவளது அறையினுள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். அவள் நன்மைக்கென்று தானே முடிவுசெய்து அவளை விட்டு நீங்குகிறான். அவள் துயரில் ஆழ்ந்துகிடந்த மாதங்கள் இரண்டாம் நாவலில் பெயரளவில் மட்டும் அச்சாகி, மற்றப்படி வெற்றுத்தாள்களாக உள்ளன. மூன்றாம் நாவலில், நண்பன் ஜேக்கப்பைக் காண அவள் போகாதவாறு அவளது வாகனத்தின் இயந்திரத்தைச் செயலிழக்கச் செய்கிறான். எல்லாவற்றுக்கும் அவன் கூறும் காரணம் ஒன்றே: அவளைக் காப்பதற்காக. சாதாரண இளைஞன் ஒருவன் செய்தால் எந்தத் தாயும் பதறியெழக்கூடிய இச்செயல்கள், செய்பவன் பேயாக இருப்பதனால் தியாகமாகத் தோன்றுகின்றன. கொலையை அளவுகோலாக வைத்துவிட்டால் வேவு பார்ப்பதும் தடுத்து வைப்பதும் மிகச் சிறியனவாகிவிடும் அல்லவா?

பிறருக்குத் தீங்கு செய்யாதிருத்தல் மனிதனின் கடன். அது கொடையன்று. கடனைக் கொடையாகக் காட்டும்போது, தன் உரிமையைப் பெற்றவர் நன்றி செலுத்த வேண்டியவராகிவிடுகிறார். அடிக்காத கணவனைத் தங்கமான மனிதன் என்று ஊர் புகழ்வதும், கூலியைத் தவணை தவறாமல் கொடுக்கும் முதலாளியைத் தருமவான் என்று போற்றுவதும், ஆளப்படுவோரை நிம்மதியாக இருக்கவிடுவதை ஆளுவோர் தமது சலுகை என்று சொல்லிக்கொள்வதும் இந்த மயக்கத்தின் வெவ்வேறு வடிவங்களே. வலியவன் தன் வலிமையைப் பயன்படுத்தாதிருப்பதைப் பாராட்டுகின்றவர்கள், அவ்வலிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது, அஃது ஏன் அவனிடமே இருக்க வேண்டும் என்று கேட்க மறந்துபோகின்றனர்.

நாவலில் வரும் உடன்படிக்கை ஒன்றும் இதனையே காட்டுகிறது. ஜேக்கப் பிறந்த குவிலியூட் குடி கற்பனையன்று; பசுபிக் கரையில் லா புஷ் என்னுமிடத்தில் இன்றும் வாழும் பூர்வீக மக்கள் அவர்கள். ஓநாயினின்று தம் முன்னோர் தோன்றினர் என்னும் அவர்களது தொன்மத்தை எடுத்து, ஓநாய் உருக்கொள்ளும் இனமாக மேயர் அவர்களைப் படைத்தார். கல்லன் குடும்பத்தார் எவரையும் கடிப்பதில்லை; அதற்கு ஈடாக அக்குடியினர் அவர்களது இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது கதையிலுள்ள உடன்படிக்கை. கொல்லாமைக்கு இங்கும் விலை கேட்கப்படுகிறது. கதைக்கு வெளியே நிகழ்ந்ததும் சிந்திக்கத்தக்கது. அந்நாவல்களின் சந்தை கொழித்த ஆண்டுகளில், ஏறத்தாழ ஒரு சதுர மைல் நிலத்தில், கடற்கோள் அபாயத்தின் நடுவே வாழ்ந்த அம்மக்கள் மேட்டு நிலம் வேண்டிக் குரலெழுப்பிக்கொண்டிருந்தனர். 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி அவர்களுக்கு வழங்கப்பட்டது. முன்பு அவர்கள் நடமாடிய மண்ணே அவர்களுக்குக் கொடைபோல வந்து சேர்ந்தது.

இவ்வாறு கூறும்போது இரண்டு மறுப்புகள் எழக்கூடும். இரண்டும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. முதலாவது, வாசகி ஏமாளியல்லள் என்பது. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் ‘நோதங்கர் அபி’யின் நாயகி கதரினும் பதினேழு வயதினள், திகில் நாவல்களில் தோய்ந்தவள். தான் விருந்தாளியாகச் சென்ற வீட்டின் தலைவரான தளபதி தம் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று ஐயுற்று, பின்னர் அது தவறென அறிந்து நாணுகிறாள். ஆனால் அவளிடம் செல்வம் இல்லை என்று தெரிந்ததும் அதே தளபதி அவளை வீட்டினின்று துரத்திவிடுகிறார். கொலையைப் பற்றிய அவளது ஐயம் பிழைத்தது. மனிதரைப் பற்றிய ஐயம் பிழைக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலிலும், காதல் நாவல் படிக்கும் பெண்கள் படிப்பு என்னும் செயலையே குடும்பக் கடமைகளிலிருந்து தமக்கென மீட்டெடுத்த நேரமாகக் கருதியமை காட்டப்பட்டது. ஆகவே இந்நூல்களைப் பறித்தெடுப்பது, பெண்ணுக்குக் கிடைத்த அந்தச் சிறு இடத்தையும் பறிப்பதாகவே முடியும். பையன்களின் துப்பறியும் கதைகளையும் போர்க்கதைகளையும் கண்டுகொள்ளாத நாம், பெண்களின் நாவல்களை மட்டும் ஏளனம் செய்வதிலும் நீதியில்லை.

இரண்டாவது மறுப்பு மேயரே விடுத்தது. பெல்லா இடர்ப்படுவது பெண் என்பதனாலன்று, மனிதப் பிறவி என்பதனாலேயே என்று காட்ட, 2015இல் ஆண் பெண் பாத்திரங்களை மாற்றி அதே கதையை அவர் மீண்டும் எழுதினார். அதில் காட்டேரி ஒரு பெண். மனிதன் ஓர் இளைஞன். இந்த விடை வினாவின் பாதியையே தொடுகிறது. வலியவர் எப்பாலினராயினும் கொல்லாமை கொடையாவதில்லை. மேலும், உறங்கும் பெண்ணின் அறைக்குள் ஆண் புகுவதும் உறங்கும் ஆணின் அறைக்குள் பெண் புகுவதும் நாம் வாழும் உலகிலே ஒரே அச்சத்தை விளைப்பனவல்ல. புத்தகத்தில் பெயர்களை மாற்றிவிடலாம். அதை வாசிப்பவள் நடந்து செல்லும் தெரு அதனால் மாறிவிடாது.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒத்த அன்பினை ஐந்திணையாக வகுத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் வேறுபடுத்தியது அந்நூல். காதலரிடையே அது வேண்டும் பத்து ஒப்புமைகளுள் ஆண்டும் ஒன்று. நூறாண்டு கண்ட எட்வேட் அந்த ஒன்றிலேயே தவறிவிடுவான். எனினும் பழம்பெருமை பேசி அமைந்துவிடலாகாது. தலைவன் தலைவியினும் மிக்கவனாயினும் குற்றமில்லை என்று அதே நூல் விலக்கும் அளித்துள்ளது. ஒப்பினைப் பேசிய இலக்கணமே ஆணின் மிகுதிக்கு வாயில் திறந்து வைத்தது. அமெரிக்க நாவலின் காதலன் நுழைவதும் அத்தகைய வாயிலினூடேதான்.

ஆகவே இந்நாவல்களைத் தடைசெய்வதும் புன்னகையோடு விட்டுவிடுவதும் ஆசிரியர்க்கும் விமர்சகர்க்கும் உரிய கடமையாகா. அவற்றை வகுப்பறைக்குள் கொணர்ந்து வெளிப்படையாக வாசிக்க வேண்டும். அஞ்சத்தக்கவன் அஞ்சத்தகாதவனாக மாற வேண்டும் என்னும் ஏக்கம் அவற்றில் உண்டு. பாதுகாப்பற்ற உலகில் வாழும் பெண்ணின் ஏக்கம் அது. அதனைப் பழித்தல் தகாது. அந்த ஏக்கத்துக்கு நாவல் அளிக்கும் விடையைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு கேள்விகள் போதும். இவள் மறுக்கலாமா? மறுத்த பின்னும் இவள் அச்சமின்றி வாழலாமா? இவ்விரண்டுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும் இடத்திலேதான் காதல் தொடங்க முடியும். இக்கேள்விகளைக் காட்டேரியிடம் கேட்கப் பழகிய பெண், நாளை தன்னைப் பெண்பார்க்க வருபவனிடமும், தனக்கு வேலை கொடுப்பவனிடமும், தன்னை ஆளுகின்றவரிடமும் அவற்றைக் கேட்பாள்.